வேலிக்கு அந்தப் பக்கத்து ஆண் மரம்

அலுவிகாரைப் பக்கத்தில் ஒரு சாதிக்காய் மரம் ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டுமென்றால் மக்கீனைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடாத வீட்டுக்கும் அவர் போவார். விதை போட்டு ஏழெட்டு வருடம் பாடுபட்டு வளர்த்த பிறகுதான் அந்த மரம் தன் சுயரூபத்தைக் காட்டும்; அதுவரை படைத்தவனைத் தவிர யாருக்கும் தெரியாது. முதல் பூ விரிந்ததும் மக்கீன் கிளையை வளைத்துப் பார்ப்பார். கொத்தாகப் பூத்தால் ஆண். ஒன்றிரண்டாக, அடி பருத்துப் பூத்தால் பெண். ஆண் என்றால் அவர் வாயில் ஒரே தீர்ப்புத்தான்.

"காய்க்காத கழுதைக்கு எதுக்கு உரம்? வெட்டிப் போடுங்க."

ஊருக்குச் சொன்னதோடு நிற்காமல் வீட்டுத் தோட்டத்திலும் அதையே செய்தார். அதுதான் வினை. அந்தத் தோட்டம் அவருடையதுகூட இல்லை. மனைவி நூருன்னிஸாவுக்கு அவள் வாப்பா கலியாணத்தின்போது கொடுத்தது. அதிலிருந்த ஆண் மரங்களை மக்கீன் ஒன்று விடாமல் சாய்த்தார். அவர் மிளகுக் கொடியோடு வளர்ந்த மனிதர். தோட்டத்து மிளகில் ஆணும் பெண்ணும் ஒரே பூவுக்குள் இருக்கும். ஒரு நல்ல மழை பெய்தால் சரம் சரமாகக் காய் பிடிக்கும். சாதிக்காயும் அப்படித்தான் என்று தானே முடிவு கட்டிவிட்டார். யாரிடமாவது கேட்டிருக்கலாம். மக்கீனாவது, கேட்பதாவது!

மிஞ்சி நின்றது வேலிக்கு அந்தப் பக்கம், ரபாயேலின் காணியில் இருந்த ஒரே ஓர் ஆண் மரம். கிளைகளை இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும் அதைக் கண்டாலே மக்கீனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ரபாயேல், அந்தத் தண்டத்த இன்னும் வச்சிருக்கீங்களா? என் பக்கமெல்லாம் நிழல்."

ரபாயேல் மனைவியை இழந்தவர், மகள் பிரின்ஸியோடு இருப்பவர், சண்டை சச்சரவு அறியாதவர், மக்கீனை அண்ணன் முறை வைத்து 'நானா' என்றே அழைப்பவர். "பாப்போம் நானா" என்று சிரித்து மழுப்பிவிடுவார். அந்தச் சிரிப்பு மக்கீனுக்கு இன்னும் ஆத்திரமூட்டும்.

பிறகு தோட்டம் காய்ப்பதைக் குறைத்தது. மேல் கோடியில் தொடங்கி ஒவ்வொரு மரமாக வெறும் பூவோடு நின்றுபோயிற்று. மக்கீன் உரத்தைத் திட்டினார். குரங்கைத் திட்டினார். வானத்தைத் திட்டினார். கண்ணூறாக இருக்குமோ என்று ஓதித் தண்ணீர்கூடத் தெளித்தார். ஒன்றும் எடுபடவில்லை.

"வேலியோரத்து மரம் மட்டும் எப்படிங்க காய்க்குது? அங்க குரங்கு வராதா?" என்று நூருன்னிஸா கேட்டாள்.

"சும்மா இரு. உனக்கென்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுதான். இது எங்க வாப்பா தந்த தோட்டம்னு மட்டும் தெரியும். துண்டு போட்டு வித்துடுன்னு தம்பி நச்சரிக்கிறான். அடுத்த காய்ப்பும் இப்படிப் போனா நான் சரின்னு சொல்லிடுவேன்."

அவள் சொன்னால் செய்வாள். அந்தப் பயத்தில்தான் மக்கீன் விவசாயக் கந்தோரில் வேலை செய்யும் நிஷாந்தியை அழைத்து வந்தார். நிஷாந்தி தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆண் மரம் எங்க நானா?" என்றாள்.

"ஒண்ணுகூட இல்ல மிஸ்" என்றார் மக்கீன், பெருமையாக.

"அப்ப காய் எங்கேருந்து வரும்?"

மக்கீனுக்குச் சுருக்கென்றது. நிஷாந்தி பொறுமையாகச் சொன்னாள். ஆண் பூவின் மகரந்தத்தைச் சின்னஞ்சிறு வண்டுகள் பெண் பூவுக்குச் சுமந்து வந்தால்தான் இந்த மரத்தில் காய். மிளகுக் கணக்கு இங்கே செல்லாது. பத்துப் பெண் மரத்துக்கு ஓர் ஆணாவது வேண்டும்.

"பல்லேகமப் பக்கத்துக் காட்டுல இதோட சொந்தக்கார மரங்கள் தானா காய்க்குது. அதுலயும் ஆண் வேற, பெண் வேறதான். ஆனா அங்க யாரும் ஆண் மரமாப் பொறுக்கி வெட்டல" என்றாள். பிறகு வேலியைக் காட்டினாள். "நீங்க இப்பப் பறிக்கிறதெல்லாம் அந்த மரத்துப் புண்ணியம். அதப் பத்திரமாப் பாத்துக்குங்க. புதுசா விதை போட்டா பூக்குறதுக்கே ஏழெட்டு வருஷம்."

அன்று மாலை ரபாயேல் வேலியோரம்தான் நின்றார். "போய்ச் சொல்லுங்க, ஒரு வார்த்தைதானே" என்று நூருன்னிஸா பிடித்துத் தள்ளாத குறை. மக்கீனுக்கு நாக்கு எழவில்லை. ஊர் முழுக்க வெட்டச் சொன்ன வாய்! அதே வாயால், அதே ரபாயேலிடம், அந்த மரத்துக்காக எப்படிக் கெஞ்சுவது?

"நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

மறுநாள் காலை தேசிக்காய் மூட்டைகளோடு தம்புள்ளைச் சந்தைக்குப் போய்விட்டார். திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து வார்த்தைகளை ஒத்திகை பார்த்தார். இறங்கி வீட்டுப் பாதையில் திரும்பியபோது மெஷின் வாளின் சத்தம் கேட்டது. ஓடினார்.

மரம் கிடந்தது. கிளையெல்லாம் பூ.

"வாங்க நானா!" ரபாயேல் முகமெல்லாம் சிரிப்பு. "பிரின்ஸி கலியாணம் வருது. பக்கத்து வீட்டுக்கு ஒரு மனக்குறை இருக்கக் கூடாதுன்னு வெட்டிட்டேன். இப்ப சந்தோஷந்தானே?"

யா அல்லாஹ்! மக்கீனுக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதலாம் போலிருந்தது. வேலியைத் தாண்டிப் போய்ப் பூத்த கிளைகளை முறித்தார். அள்ளிக்கொண்டு வந்து, தன் மரங்களில் வாழை நாரால் கட்டத் தொடங்கினார்.

"என்ன நானா பண்றீங்க?"

"இந்த மரம் இல்லாட்டி என் மரத்துல காய் இல்ல, ரபாயேல்." "நேத்தே தெரியும். சொல்ல வெட்கமா இருந்துச்சு."

ரபாயேலின் சிரிப்பு வடிந்தது. விழுந்து கிடந்த மரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"பிரின்ஸியோட அம்மா நட்ட மரம் நானா. நீங்க சொல்லலன்னா நான் கை வச்சிருக்கவே மாட்டேன்."

மக்கீன் அடுத்த கொத்தை எடுத்தார். நூருன்னிஸா வந்து பக்கத்தில் நின்றாள்.

"இந்தக் கொத்து எத்தன நாளைக்குத் தாங்கும்?"

"ரெண்டு நாள். மூணு நாள்."

"அதுக்கப்புறம்?"

மக்கீன் நாரை இழுத்து முடிச்சுப் போட்டார். அவசரத்தில் அது அறுந்தது. நூருன்னிஸா உள்ளே போய், தோட்டத்தை விற்கச் சொன்ன தம்பிக்கு போன் போட்டாள்.