விழுந்து விழுந்து சிரித்தவள்

அந்த சலூனுக்கு முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்களைவிட வாய்விட்டுச் சிரிக்க வருகிறவர்கள்தான் அதிகம். கடைக்காரர் கத்திரியைக் கையில் எடுத்தால் வாயும் சேர்ந்து ஓடும். தெருவே அவரை 'அரட்டை' என்றுதான் கூப்பிடும்.

அவருடைய முதல் ரசிகை அவர் மகள் வாலு. ஏழு வயது, ஒரே பிள்ளை. ஒருநாள் கடை வாசலில் நின்று அப்பாவின் ஜோக்கைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நிஜமாகவே விழுந்தாள். முழங்கால் மடிந்து, தலை தொங்கி, துணி மூட்டை போலச் சரிந்தாள். நினைவு தப்பவில்லை. சற்று நேரத்தில் தானே எழுந்து, "அப்புறம் என்னாச்சுப்பா?" என்றாள்.

"நடிக்கிறா. உங்க புள்ளதானே!" என்றாள் மனைவி.

ஆனால் படியிலும் விழுந்தாள். எழுத்து கோணலாகிறது, வாய்ப்பாடு மறந்துபோகிறது என்றார் டீச்சர். ஒரு டாக்டர் வலிப்பு என்று கொடுத்த மாத்திரை கேட்கவில்லை. குழந்தைகளின் நரம்பு டாக்டரிடம் அனுப்பினார்கள். அந்த டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எங்க, ஒரு ஜோக் சொல்லுங்க," என்றார்.

தெருவையே சிரிக்க வைத்தவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்பவா டாக்டர்?"

"சொல்லுங்க. பாப்பாவ நான் பிடிச்சுக்கறேன்."

"மொட்டைத் தலையோட ஒருத்தர் வந்து, 'தலை வாரணும், சீப்பு குடுங்க'ன்னாரு. நான் துண்டக் குடுத்தேன், தொடச்சுக்கங்கன்னு."

வாலு சிரித்தபடியே டாக்டரின் கைகளில் சரிந்தாள். அவள் தெளிந்ததும், டாக்டர் ஒரு பேனாவை அவள் முகத்தெதிரே பிடித்து மெல்லக் கீழே இறக்கினார். தலையை அசைக்காமல் பார்க்கச் சொன்னார். அவள் கண் பாதி வழியில் நின்றுவிட்டது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மண்ணீரல் வீங்கியிருந்தது.

பரிசோதனைகள் அவர் சந்தேகத்தை உறுதி செய்தன. நீமன்-பிக் சி என்ற அரிய பரம்பரை நோய்.

"செல்லுக்குள்ள கொழுப்பு தேங்கிடுது. மூளை கொஞ்சம் கொஞ்சமா பாதிக்கும். உங்க ரெண்டு பேர்கிட்டயும் பழுதான ஜீன் ஒண்ணு ஒண்ணு இருக்கு. உங்கள அது ஒண்ணும் பண்ணல. பாப்பாகிட்ட ரெண்டும் சேர்ந்துடுச்சு."

"நான் சிரிக்க வெச்சதாலயா டாக்டர்?"

"சேச்சே! சிரிச்சா தளர்ந்து விழறது இந்த நோயோட அடையாளம். அதனாலதான் சீக்கிரம் தெரிஞ்சுது. முழுசா குணப்படுத்த மருந்து இல்ல. வேகத்தக் குறைக்க கேப்ஸ்யூல் இருக்கு. விழறதுக்கும் தனியா ஒரு மருந்து தர்றேன்."

அதன்பின், சிரித்தால் விழுந்துவிடுவாளே என்று அரட்டை வீட்டில் ஜோக் சொல்வதையே விட்டுவிட்டார். வாலுதான் பொறுக்காமல் அம்மாவிடம், "அப்பாவுக்கு எம்மேல கோவமா?" என்று கேட்டாள். அது காதில் விழுந்ததும் அவர் குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதார். முகம் கழுவிக்கொண்டு வந்து, "உக்காரு. உக்காந்தாதான் சொல்லுவேன்," என்றார்.

கேப்ஸ்யூல் முதலில் வயிற்றைப் படுத்தி எடுத்தது. இனிப்பையும் பாலையும் குறைத்ததும் அடங்கியது. இரண்டு வருஷம் ஓடிவிட்டது. நடை லேசாகத் தள்ளாடுகிறது, பேச்சு நிதானமாகிவிட்டது. விழுவது மட்டும் அபூர்வம்.

போன மாதம் டாக்டர், "போன தடவை இருந்த மாதிரியே இருக்கா," என்றார். அதைவிட நல்ல சேதி இல்லை என்று இப்போது அவர்களுக்குத் தெரியும். அன்று பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடந்தே வந்தார்கள், வாலு நடுவில், ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு.