கீரைக்கார அக்காவின் மண்ணில் ஈயம்

மண்ணைப் பொட்டலம் கட்டி ஊர் ஊராகத் தூக்கித் திரிகிறவனுக்கு பஸ்ஸில் பக்கத்து சீட் எப்போதும் காலியாகத்தான் இருக்கும். வயல் மண்ணிலும் காய்கறியிலும் ஈயம், காட்மியம் மாதிரி வேண்டாத சமாச்சாரம் கலந்திருக்கிறதா என்று பார்க்கிற சோதனைக்கூடத்துக்கு மாதிரி அள்ளிக் கொடுப்பது என் பிழைப்பு. நகக்கண்ணில் சேறும், "இவரு என்னாத்த தேடறாரு?" என்கிற பார்வையும் உங்களுக்கும் பழக்கம் என்றால் வாங்க, நீங்களும் நம்ம ஆளுதான்.

பிளாஸ்டிக் கரண்டி

ஆரணிக்கு வெளியே, சாயப்பட்டறைக்குக் கீழ்ப்பக்கம் சரோஜா அக்காவின் கீரைத் தோட்டம். மார்கழிப் பனி. செய்யாறு கம்பெனி பஸ் ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு அந்த வெள்ளைக்குள் போய்க் காணாமல் போனது. பட்டு நூல் அலசின தண்ணீர் வாய்க்காலில் ஒரு நாள் ரோஸ், ஒரு நாள் மாம்பழ மஞ்சள். அன்றைக்கு மயில் கழுத்து நிறம். பார்த்துக்கொண்டே நின்றால் வந்த வேலை மறந்துவிடும். எனக்கு மறந்தே போனது.

அந்த அழகுதான் அக்கா வயிற்றில் அடித்தது. சாயத் தண்ணி பாய்கிற கீரை என்று யாரோ கிளப்பிவிட, மார்க்கெட்டுக்குப் போன கூடை அப்படியே திரும்பி வந்துகொண்டிருந்தது. அந்தக் கூடையை நம்பித்தான் வீட்டில் உலை வைக்கிறார். கீரையில் விஷம் இருக்கிறதா இல்லையா, ரெண்டில் ஒன்று தெரியட்டும் என்று அவரேதான் எங்களைக் கூப்பிட்டார். இரும்பு பட்டால் கணக்கு கெடும் என்பதால் நான் பிளாஸ்டிக் கரண்டியை எடுத்தேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், ஐஸ்கிரீம் துன்ன வந்தீங்களா? ஜல்தி பாத்து சொல்லுங்க, கீரை முத்திகினே போவுது."

மேடத்தின் சந்தேகம்

எங்கள் சோதனைக்கூடத்தில் மெஷினை ஓட்டுவது கலைவாணி மேடம். வாய்க்கால் தண்ணீரில் பயப்படும்படி ஈயம் இல்லை. கீரையிலும் இல்லை. மண்ணில் மட்டும் எக்கச்சக்கம்! மறுபடி ஓட்டினார், அதே கதை. எனக்குத் தூக்கம் போச்சு. கண்ணை மூடினால் மயில் கழுத்து வாய்க்காலில் அக்காவின் கூடை மெல்ல மிதந்து போகிறது, நான் கரையோடு நடந்துகொண்டே இருக்கிறேன், கைக்கு எட்டவில்லை. "தோட்டத்தை மூடச் சொல்லணுமா மேடம்?" என்று கேட்டபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"தண்ணியில இல்ல, கீரையில இல்ல, மண்ணுல மட்டும் மலையா? நம்பற மாதிரியா இருக்குது? போய்த் திரும்ப அள்ளிகினு வாங்க. இந்த வாட்டியாவது கனவு காணாம அள்ளுங்க."

சிமிழ்

மறுபடியும் அதே பனி. தோட்டத்தின் நாலா பக்கமும் மண் எடுத்து, கலந்து, கவரில் போட்டு வைத்துவிட்டு, பம்ப்செட்டில் கை கழுவப் போனேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்ததால் கொஞ்ச நேரம் கையை உள்ளேயே விட்டு வைத்திருந்தேன். திரும்பி வந்தால், அக்கா கவரைத் திறந்து, கண்ணை மூடி என்னமோ முணுமுணுத்து, சிமிழிலிருந்து குங்குமத்தை எடுத்து மண் மேல் போடுகிறார்.

"அய்யய்யோ, என்னக்கா இது!" என்று கத்தியே விட்டேன். போன தடவையும் இதையேதான் செய்தாராம். எனக்குப் பொறி தட்டியது. கவரைக் கொட்டிவிட்டு வேறு மண் அள்ளினேன். சிமிழையும் கேட்டேன். ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி முகம் சுருங்கிப்போய் கொடுத்தார்.

"நம்ம நெலத்து மண்ணு வெளிய போவுது, பொட்டு வெக்காம மொட்டையா அனுப்புவாங்களா? நல்ல சேதி வரணும்னுதான சார் வெச்சேன்."

மார்க்கெட்டில்

மேடம் ரெண்டையும் மெஷினில் ஓட்டினார். பொட்டு வைக்காத மண்ணில் பயப்பட ஒன்றுமில்லை. ஈயம் அத்தனையும் குங்குமத்தில்! திருவிழாக் கடையில் மலிவாகக் கிடைத்த பாக்கெட். நிறம் பளிச்சென்று தெரிய எந்தப் பாவியோ ஈயச் சிவப்பு என்கிற சாயப் பொடியைக் கலந்திருக்கிறான். மறுநாள் விடிந்ததும் நேராக மார்க்கெட்டுக்கே போய், "தோட்டம் பொழச்சுதுக்கா, குங்குமந்தான் சரியில்ல" என்றேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அழுது முடித்ததும் நெற்றியை அழுந்தத் துடைத்தார். பனி விலகிக்கொண்டிருந்தது. பெண்கள் ஒவ்வொருவராக அதற்குள்ளிருந்து வந்து, அக்காவின் கூடையைச் சுற்றிக்கொண்டு தள்ளிப் போனார்கள். ஒவ்வொரு நெற்றியிலும் பளபளவென்று அதே சிவப்பு. அக்கா கூடையைக் கீழே இறக்கினார்.

"என் கீரையில விஷம்னு ஒதுங்கறாங்களே, எல்லாரும் அந்தக் கடையிலதான் சார் குங்குமம் வாங்கினாங்க. இருங்க, மொதல்ல அவங்களாண்ட சொல்லிட்டு வரேன், கீரைய அப்பறம் விக்கலாம்."

மண்ணில் இருக்கிற விஷத்துக்கு எங்களிடம் மெஷின் இருக்கிறது, ஊர் வாயில் இருக்கிற விஷத்துக்கு மாதிரி எடுக்க இன்னும் எவனும் போகவில்லை, நானும் போகப் போவதில்லை.