ரத்தம் கொடுக்காமலே வந்த ரிப்போர்ட்

போன செவ்வாய்க்கிழமை, காஞ்சிபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். அங்கே ஓடுகிற வெப் அப்ளிகேஷன் நான் ஜாவாவில் எழுதியது. பிரிண்டர் தகராறு என்று கூப்பிட்டிருந்தார்கள்.

ரிசப்ஷன் பெண் ஒரு ரிப்போர்ட்டை நீட்டினாள். "சுகர் ரொம்ப அதிகமா இருக்குதும்மா. உடனே டாக்டரைப் பாருங்க."

ஐயம்பேட்டையில் இட்லிக் கடை நடத்தும் காமாட்சி அதைத் தொடவே இல்லை.

"நான் இன்னும் ரத்தமே குடுக்கலமா. காலைலேர்ந்து வெறும் வயித்தோட ஒக்காந்துகினு இருக்கேன்."

"கம்ப்யூட்டர்ல உங்க பேர்தான் இருக்குது."

"அப்போ கம்ப்யூட்டரையே மாத்திரை சாப்பிடச் சொல்லு."

தப்பு என்னுடையது. ஜாவாவில் தகவலை வகைவகையாகப் பிரித்து வைக்கத்தான் 'கிளாஸ்' இருக்கிறது. நானோ அவசரத்தில் ஆள், பரிசோதனை, முடிவு — மூன்றையும் ஒரே கிளாஸில் திணித்திருந்தேன். ஆளை அடையாளம் காணப் பெயரும் வயதும் போதும் என்று விட்டிருந்தேன். தெருவுக்கு நாலு காமாட்சி இருக்கிற ஊரில்...

அந்த ரிப்போர்ட், முந்தின நாள் ரத்தம் கொடுத்த, ஓரிக்கையில் இருக்கும் இன்னொரு காமாட்சியுடையது. அவருக்கும் இதே வயது. போன் போட்டோம். தலைசுற்றலோடு படுத்திருந்தார். மதியத்துக்குள் டாக்டரிடம் போய்விட்டார்.

நிலையத்தின் உரிமையாளர் அலட்டிக்கொள்ளவில்லை. "இவங்க பேர் பக்கத்துல ரெண்டுன்னு போட்டுடுங்க மேடம். முடிஞ்சுது."

காமாட்சி திரும்பிப் பார்த்தார். "நான் எவளுக்கும் ரெண்டு இல்ல."

அதைக் கேட்டதும் எனக்கும் முதுகு நிமிர்ந்தது. திருத்தும்வரை இது ஓடாது, கையால் எழுதுங்கள் என்றேன். வேறு ஆளை வைத்துக்கொள்வேன் என்றார் உரிமையாளர்.

"வச்சுக்குங்க சார். அவங்ககிட்டயும் இதேதான் சொல்வேன்."

அப்ளிகேஷனை நிறுத்திவிட்டேன். எந்த ரத்தம் யாருடையது என்று தெரியாத புரோகிராமை ஓடவிட எனக்கு என்ன உரிமை?

மூன்று நாள் ஆனது. நோயாளிக்கு ஒரு கிளாஸ், பரிசோதனைக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று எனப் பிரித்தேன். ஒவ்வொரு ஆளுக்கும் தனி எண். ரத்தம் பிடிக்கிற டியூபிலும் அதே எண். பழைய பதிவுகளில் பெயரும் வயதும் ஒன்றாயிருந்தவர்களை ஒவ்வொருவராக போனில் விசாரித்துப் பிரித்தேன். திட்டு வாங்கினேன். தகும்.

வெள்ளிக்கிழமை காமாட்சி மறுபடி வந்து ரத்தம் கொடுத்தார். சுகர் இல்லை. ரிப்போர்ட்டை வரி வரியாகப் படித்த பிறகே வாங்கிக்கொண்டார்.

உரிமையாளருக்கு இன்னும் சந்தேகம். "இதே வயசுல மூணாவதா ஒரு காமாட்சி வந்தா?"

வரட்டுமே. ஊரே வரட்டும்.