அடுப்பில்லாத சாப்பாட்டுக் கடை

கல்லூரி விழாவில் சாப்பாட்டுக் கடை போடுகிறவர்கள் யாரும் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்ற அறிவிப்பை வாசித்த நொடியில், தண்ணீரில் ஊறிய தீப்பெட்டியின் வாடை என் மூக்கில் ஏறியது. சிநேகிதிகள் "ஜூஸ், சாலட்" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்க, எனக்கோ எம். புதுப்பட்டி ரோட்டில் பார்த்த ஒரு கடை அப்படியே ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அப்போது நான் நாலாம் வகுப்பு. பட்டாசுக் கம்பெனிகளுக்கு லேபிள் கட்டுகள் கொண்டுபோகும் அப்பாவோடு, லீவு நாளில் அடம்பிடித்து வண்டியில் தொற்றிக்கொண்டேன். வழியில் பஞ்சர், தள்ளிக்கொண்டே போய் நின்ற இடத்தில் போர்டுகூட இல்லாத ஒரு தகரக் கொட்டகை, உள்ளே வெள்ளி பூசியதுபோல் கையெல்லாம் அலுமினியப் பொடி அப்பிய பட்டாசுத் தொழிலாளிகள் பத்துப் பதினைந்து பேர், பரிமாற ஒரே ஒரு அக்கா. இலையில் விழுந்த சோறும் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பும் ஆறிக் கிடந்தன. ஆறியது எனக்கு இறங்காது. சூடு பண்ணித் தரக் கேட்டு, அடுப்பு இல்லை என்றதும், பெரிய உதவி செய்கிற நினைப்பில், அப்பா பீடிக்காகச் சட்டைப் பையில் வைத்திருந்த தீப்பெட்டியை எடுத்து நீட்டினேன்.

கடை முழுக்கச் சாப்பிடுகிற சத்தம் நின்றது.

அக்கா அதைப் பிடுங்கி, பக்கத்திலிருந்த தண்ணீர் வாளியில் அமுக்கினார். "இங்கன உக்காந்திருக்க அம்புட்டுப் பேரு சட்டையிலயும் மருந்து இருக்கு அண்ணாச்சி. ஒரு பொறி போதும். நீங்க பாட்டுக்குப் பையில வச்சிக்கிட்டு வந்திருக்கீக!" வெடிமருந்தை அந்தப் பக்கம் வெறும் "மருந்து" என்பார்கள். அப்பா எழுந்தே நின்றுவிட்டார்.

"தீவாளிக்கு இன்னும் நாள் கெடக்கு, அதுக்குள்ள எங்களக் கொளுத்தப் பாத்தீகளே!" என்று மூலையிலிருந்து ஒருவர் சொன்ன பிறகுதான் கடை மூச்சு விட்டது.

"சூடுதான வேணும்? இரு பாப்பா" என்று அக்கா ஸ்டூலில் ஏறி, கூரைத் தகரத்தின் மேல் வெயிலில் மூடி வைத்திருந்த தூக்குச்சட்டியை இறக்கினார். வீட்டில் சமைத்து மொபெட்டில் கொண்டுவரும் குழம்பில் கொஞ்சத்தை, பிந்தி வருகிறவர்களுக்காக அந்த "ஓசி அடுப்பில்" ஏற்றிவைப்பது வழக்கமாம். எண்ணெய் மேலே தெளிந்து, விரலைச் சுட்டது அந்தக் குழம்பு. மூன்று தடவை சோறு வாங்கினேன்.

போன வாரம் தேடிப் போனேன். கொட்டகை இருந்த இடத்தில் கம்பிவேலி ஓடுகிறது. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரருக்கு அப்படி ஒரு கடை இருந்ததே தெரியவில்லை. அக்கா பேரை அன்றைக்கே கேட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மொட்டைமாடியில் தகரம் விரித்து, பதினொரு மணிக்கே குழம்புச்சட்டியை ஏற்றப்போகிறேன்; சூடேறினால் விழாவில் எங்களுக்குக் கடை உண்டு, இல்லாவிட்டால் சாலட்தான். முதல் பந்திக்கு அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறேன். சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வைப்பேன்.