பெகுமூசிக்கு ஒதுக்கிய முன்சீட்டு

ம்துபாதுபா ஊரின் டாக்சி நிலையத்தில் டெலிசிலேயின் வாயில் விழாமல் யாரும் வண்டி ஏற முடியாது. க்வின்யா விற்கிறவள் அவள். மாவைப் புளிக்கவைத்து, உருட்டி, எண்ணெயில் போட்டு எடுக்கும் அந்தப் பலகாரத்தை அங்கே இன்னும் சில பெண்களும் விற்கிறார்கள். இவளிடம் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் பேச்சுக்காக வருகிறவர்கள். மீதிப் பேர், அவள் கூப்பிட்ட பிறகு தாண்டிப் போகத் துணிச்சல் இல்லாதவர்கள். டிரைவர்களை வம்புக்கு இழுப்பாள். போலீஸ்காரரின் தொப்பை வாரா வாரம் எவ்வளவு முன்னேறுகிறது என்று அவரிடமே சொல்லுவாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் போதகர் மூச்சு வாங்குகிற இடைவெளியில் பக்கத்துப் பெண்ணுக்கு ஒரு ஊர்க்கதையைச் சொல்லி முடித்துவிடுவாள்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு தடவை நாக்கு தடம் புரண்டது. அதைச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியாது.

அவள் புருஷன் பெகுமூசி வனவிலங்குப் பூங்காவில் வேலி பார்க்கிற வேலையில் இருந்தவன். ஆள் கதவு உயரம், பேச்சு மட்டும் கிடையாது. டெலிசிலே அவனை முதலில் பார்த்ததே பலரும் சேர்ந்து போகிற டாக்சி வேனில்தான். வண்டி நிறைந்திருந்தது. மாவுச் சட்டியோடு ஏறியவளைப் பார்த்து எழுந்து தன் இடத்தைக் கொடுத்தான். அவளுக்கு இல்லையாம், சட்டிக்காம். அவளை எந்த மூலையிலாவது மடக்கி உட்காரவைக்க டிரைவர் ஏற்கெனவே இடம் பார்த்துவிட்டார் என்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வீடு வரை நின்றபடியே வந்தான். கல்யாணத்துக்குப் பிறகும் அப்படியே. எந்த வண்டியிலும் கடைசியாக ஏறுவான். முன்சீட்டில் அவன் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

செத்ததும் அந்தக் குணத்தால்தான். மூன்று குளிர்காலத்துக்கு முன்னால், பூங்காவுக்குள்ளே கறுப்பு ஆற்றுத் துறையில் வேலிக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தபோது ஒற்றைக் காட்டெருமை ஒன்று நாணலிலிருந்து வந்தது. கூட இருந்த பையன்கள் ஒவ்வொருவரையும் இடுப்பைப் பிடித்துத் தூக்கி லாரியில் ஏற்றினான். கடைசிப் பையன் மேலே போனதும் அவனுக்கு நேரம் மிச்சமில்லை.

உடலைக் கொண்டுவந்து வீட்டு முற்றத்துக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். ஆனால் அவர்கள் வழக்கப்படி, விழுந்த இடத்துக்கு இலந்தைக் கிளையோடு போய் ஆவியை அழைத்து வரவில்லை. அதிகாரிகளிடம் அனுமதி, துப்பாக்கிக் காவல், அது இது என்று தள்ளிப் போய்விட்டது. இந்த வருஷம் டெலிசிலேயின் கனவில் அவன் வரத் தொடங்கினான். வேலிப் படலுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். உள்ளே வா என்றால் சிரிப்பான், வர மாட்டான். விழித்ததும் அவளுக்கு அழுகை முட்டும். டாக்சி நிலையத்தில் அன்றைக்குப் போலீஸ்காரரின் தொப்பை தப்பித்துக்கொள்ளும்.

"கனவு யாருக்கு வருதோ அவங்கதான் கிளையப் பிடிக்கணும்" என்றாள் பெகுமூசியின் அக்கா கொர்னேலியா. சடங்கு சம்பிரதாயம் எல்லாம் அவள் பொறுப்பு. "ஆனா இவ எப்படி? கிளையத் தொட்டதுலேருந்து உயிரோட இருக்கறவங்ககிட்ட ஒரு வார்த்த பேசக் கூடாது. மூச்சு விடாம இருன்னாகூட இருந்துடுவா."

"இருப்பேன் அண்ணி."

"பாரு, அதுக்கே பதில் சொல்றா. கேட்டுக்கோ. அவன்கிட்ட மட்டும் பேசலாம். ஆறு வந்தா ஆறு தாண்டறோம்னு சொல்லு. வளைவு வந்தா திரும்பறோம்னு சொல்லு. எங்ககிட்ட வாயத் தொறந்தியோ, அவன் அங்கயே எறங்கிடுவான். இன்னொண்ணு. பேரச் சொல்லிக் கூப்புடு, குலப்பேரயும் சேத்துச் சொல்லு. பொதுவா வாங்கன்னு சொல்லிடாத. அந்த மலையில யார் யாரோ கெடக்கறாங்க."

பூங்கா வேலி வருவதற்கு முன்னால் அந்த மலைகளில் குடியிருந்தவர்களைச் சொன்னாள். காய்ச்சல் வருஷத்தில் குடும்பம் குடும்பமாகப் போனவர்கள் அவர்கள். தோண்டிப் புதைக்கவோ வீட்டுக்கு அழைத்து வரவோ ஆள் இல்லாமல் போனதாகச் சொல்வார்கள்.

பெகுமூசியின் தம்பி சிகும்புசோ எல்லாவற்றையும் சுலபமாக்கிவிட்டான். "அனுமதியாவது ஒண்ணாவது. மிருகம் பாக்க வந்த குடும்பம் மாதிரி டிக்கெட் வாங்கிட்டு நம்ம வண்டியிலயே போவோம். துறையில ரெண்டு நிமிஷம் எறங்கினா சிங்கமா வந்து கையெழுத்து கேக்கப்போவுது?" நண்பனிடம் புதுக் கார் ஒன்றை இரவல் வாங்கி வந்தான். தொட்டதற்கெல்லாம் மணி அடிக்கிற கார். கதவு சரியாகச் சாத்தாவிட்டால் மணி, ஆள் உட்கார்ந்த சீட்டில் பெல்ட் போடாவிட்டால் மணி. "உங்க அம்மாவுக்கு அப்புறம் இவ்வளவு குத்தம் கண்டுபிடிக்கறத இப்பத்தான் பாக்கறேன்" என்றான் டெலிசிலேயின் மகள் சாமாவிடம்.

அதிகாலையில் கிளம்பினார்கள். ஐந்து பேர் உட்காரும் வண்டி. சிகும்புசோ ஓட்ட, பின்னால் கொர்னேலியா, சாமா, நடுவில் மடியில் கிளையோடு டெலிசிலே. முன்சீட்டைப் பெகுமூசிக்கு விட்டிருந்தார்கள். மூத்தவனுக்கு மரியாதையான இடம் அதுதான் என்று கொர்னேலியா சொல்லிவிட்டாள். சாமா மறந்துபோய் அதில் சாப்பாட்டுப் பெட்டியை வைத்ததற்குத் தலையில் ஒரு தட்டு வாங்கினாள்.

பூங்கா வாசலில் காவலர் குனிந்து உள்ளே பார்த்தார். "எத்தன பேரு?"

"அஞ்சு" என்றான் சிகும்புசோ.

காவலர் நாலு தலைகளைப் பார்த்தார். டெலிசிலேயின் மடியில் முள்ளும் இலையுமாக இருந்த கிளையைப் பார்த்தார். மேலே ஒன்றும் கேட்காமல் ஐந்து சீட்டு கிழித்துக் கொடுத்து, "வண்டிய விட்டு எறங்காதீங்க" என்றார். எல்லாரிடமும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் டெலிசிலேயின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

போகும்போது குறையொன்றும் இல்லை. வரிக்குதிரைகள் சாலையை மறித்துக்கொண்டு நின்றன. ஒட்டகச்சிவிங்கி ஒன்று மரத்துக்கு மேலே தலையை நீட்டி இவர்கள் சாப்பிடுவதை மென்றபடி பார்த்தது. எதிரே வந்த வெள்ளைக்காரக் குடும்பம் கார் கண்ணாடியை இறக்கி, மேட்டுக்கு அப்பால் காண்டாமிருகம் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது டெலிசிலேக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று அவளைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். உதட்டைக் கடித்துக் கடித்து வீங்கவைத்திருந்தாள்.

"நம்ம வீட்டுல இவ்வளவு அமைதியா ஒரு பயணம்" என்றான் சிகும்புசோ. "அண்ணன் இருந்தா ரசிச்சிருப்பான்."

ஆற்றுத் துறையில் வண்டியை நிறுத்தினார்கள். தண்ணீர் வற்றி மணல் தெரிந்தது, இரு கரையிலும் ஆள் உயரத்துக்கு நாணல். பறவைச் சத்தமே இல்லை. சிகும்புசோ முன்கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, முன்னோருக்குப் படைக்கிற சோள பீர்க் குடுக்கையை எடுத்துக்கொண்டு தண்ணீர் பக்கம் நடந்தான். கொர்னேலியா மூக்குப்பொடியைப் படையலாகத் தரையில் தூவினாள். சாமா கொஞ்சம் தள்ளி நின்று, அப்பா விழுந்த இடத்தைப் பார்க்க முடியாமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெலிசிலே கிளையை மண்ணில் தொட்டு இழுத்தாள். பேரையும் குலப்பேர்களையும் சொல்லிக் கூப்பிட்ட அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "பெகுமூசி. ம்தெத்வா. ந்யாம்போசே. நாந்தான் வந்திருக்கேன். உங்களக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். வெளியில நின்னது போதும், வீட்டுக்குப் போலாம் வாங்க."

காற்று இல்லை. எதிரே நாணலில் ஒரு இடம் மட்டும் அசைந்தது. அதற்குள் கறுப்பாக ஒன்று நிற்பதையும், கொம்புக்குக் கீழே ஈரமான மூக்கையும் அவள் பார்த்தாள். ஒற்றைக் காட்டெருமை. சிகும்புசோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து பீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

கத்த வேண்டும். கத்தினால் பெகுமூசி போய்விடுவான். கத்தாவிட்டால் அவன் தம்பி போய்விடுவான். வாயால் பிழைக்கிறவளுக்கு அந்த ஒரு நொடி போதுமானதாக இருந்தது. அவள் கிளையைப் பார்த்தபடி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, செத்தவனிடம் பேசினாள்.

"ந்யாம்போசே, நாணலுக்குள்ள அது நிக்குது. உங்க தம்பிக்குப் பின்னாலயே நிக்குது. எல்லாரும் வண்டியில ஏறிடுங்க. யாரும் கீழ நிக்க வேண்டாம். எல்லாரும் ஏறுங்க, சீக்கிரம்."

சிகும்புசோ குடுக்கையைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். கொர்னேலியா அந்த வயதில் அப்படிப் பாய்வாள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். கதவுகள் சாத்தப்பட்டன, முன்கதவையும் சிகும்புசோ எட்டி இழுத்துச் சாத்தினான்.

எருமை வெளியே வந்தது. நேராக வண்டியை நோக்கி நடந்து, பாதியில் நின்றது. அது பார்த்தது வண்டியை இல்லை. வண்டிக்கும் தனக்கும் நடுவில் இருந்த வெற்று மணலைப் பார்த்தது. பிறகு சந்தைக் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு போகிறவனைப் போல அந்த மணலைச் சுற்றி அகல வளைந்து போய் மறைந்தது.

"கெட்டிக்காரிடி நீ" என்றாள் கொர்னேலியா மூச்சு வாங்கியபடி. "எங்ககிட்டயும் பேசல, எங்களயும் காப்பாத்திட்ட."

சிகும்புசோ வண்டியை எடுத்தான். உடனே மணி அடித்தது. அவன் தன் பெல்ட்டைப் பார்த்தான், போட்டிருந்தான். பின்னால் பார்த்தான். மணி முன்சீட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

அவன் எட்டி, காலி சீட்டுக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினான். மணி நின்றது. சாமா அழ ஆரம்பித்தாள். டெலிசிலேக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. வந்துவிட்டார். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் புருஷன் அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். "துறையத் தாண்டறோம், ந்யாம்போசே. மேடு ஏறறோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை.

மேடு ஏறும்போதுதான் வண்டி திணறியது. வரும்போது பறந்து வந்த வண்டி. சிகும்புசோ மிதித்த மிதிக்கு எஞ்சின் முனகியதே தவிர நகர்வேனா என்றது. சாலையில் ஒரு குழி வந்தது. வரும்போது அதே குழியில் ஒன்றும் ஆகவில்லை, இப்போது அடிப்பாகம் கல்லில் உரசிக் கிறீச்சிட்டது.

"என்ன சித்தப்பா?"

"தெரியல. மூட்ட ஏத்தின லாரி மாதிரி போவுது."

கண்ணாடிகள் உள்பக்கம் ஆவி படிந்து மங்கின. சிகும்புசோ துடைத்தான், மறுபடி படிந்தது. வண்டிக்குள் விறகுப் புகை வாசம். காய்ச்சல்காரர்கள் படுத்த அறையில் வருமே, அந்தப் புளித்த வாசமும் கூட. டெலிசிலேயின் இரு பக்கமும் கொர்னேலியாவும் சாமாவும் தங்களை அறியாமலே ஒடுங்கி உட்கார்ந்தார்கள். இடம் போதாமல் யாரோ நெருக்குகிற மாதிரி. கொர்னேலியா அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ அங்க என்ன சொன்ன?" என்றாள் மெதுவாக. "எல்லாரும் ஏறுங்கன்னியா?"

டெலிசிலே பதில் சொல்லக் கூடாது. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

வாசலில் அதே காவலர் இருந்தார். வண்டி தொலைவில் வரும்போதே நாற்காலியிலிருந்து எழுந்தார். டயர்கள் பிதுங்கியிருப்பதைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, வாசலின் தடுப்புக் கட்டையை மேலே தூக்கிவிட்டு ஒதுங்கி நின்றார். சிகும்புசோ வெகு தூரம் போன பிறகு கண்ணாடியில் பார்த்தான். கட்டை இன்னும் தூக்கியபடியே இருந்தது. காவலர் தொப்பி இல்லாமல், தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தார். சாலையில் ஒரு வண்டியும் இல்லை.

வீட்டில் பலிக்கு வெள்ளாடு கட்டியிருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் முற்றத்தில் பாடிக்கொண்டிருந்தார்கள். வண்டி நின்றதும் பாட்டு தேய்ந்து நின்றது. ஏன் நிறுத்தினோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

டெலிசிலே கிளையோடு இறங்கி வந்து, புருஷனை இறக்கிவிட முன்கதவைத் திறந்தாள். சாயங்கால வெயில் கண்ணாடியில் விழுந்தது. உள்பக்க ஆவியில், கீழே, ஓரத்துக்குப் பக்கத்தில் ஒரு கை பதிந்திருந்தது. வெளியே வேடிக்கை பார்க்கிறவர்கள் வைக்கிற மாதிரி, விரல்களை விரித்து வைத்த கை. அவள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த மனுஷன் எந்தக் காலத்தில் முன்சீட்டில் உட்கார்ந்தார்?

கூட்டம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. கொர்னேலியா தலையை மெல்ல ஆட்டினாள், சொல்லாதே, கதவைச் சாத்து, கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிற மாதிரி. டெலிசிலேக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் கூப்பிட்டது அவள்தானே. அவள் குனிந்து பெல்ட்டைக் கழற்றினாள்.

"எறங்கு கண்ணு. பாத்து எறங்கு. இதுதான் வீடு" என்றாள். பிறகு நிமிர்ந்து, வண்டியையும் அதற்குப் பின்னால் இருந்த வெறும் சாலையையும் பார்த்துச் சொன்னாள். "நீங்களும் வாங்க. கூட்டமா இருக்கேன்னு தயங்காதீங்க. எல்லாரும் உள்ள வாங்க."

கிளையை இழுத்துக்கொண்டு முன்னே நடந்தாள். வட்டக் குடிசைக்குள், முன்னோர்களுக்கான பின்சுவர் ஓரத்தில், கிளையை வைத்தாள். அதோடு அவள் பேசா விரதம் முடிந்தது. அவள் வெளியே வருவதற்குள் முற்றத்தில் இருந்தவர்கள் எல்லாரும், யாரும் சொல்லாமலே, யாருக்கோ வழிவிடுகிற மாதிரி இரண்டு பக்கமும் ஒதுங்கியிருந்தார்கள்.

சிகும்புசோ வண்டியை அணைக்கப் போனான். காலையிலிருந்து உயிரோடு இருக்கிற ஒருவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"அணைக்காத சிகும்புசோ. வேற ஒரு கிளை வெட்டிட்டு வரேன். எல்லாரையும் ஏத்தி அனுப்பிட்டு உங்க அண்ணன் அங்க துறையில கீழயே நிக்கிறாரு."