மூன்றாம் வகுப்பில் அம்மாவும் நானும்

கடையில் பூத்தையல் போட்ட தலையணை உறையைத் தடவியதும், அம்மாவோடு மூன்றாம் வகுப்பில் படித்தது நினைவு வந்து சிரித்துவிட்டேன்.

மகாராஜா காலத்து நாகர்கோவில். தையல் பள்ளியில் சேர மூன்றாம் வகுப்பாவது தேறியிருக்க வேண்டுமாம். முப்பது வயது தாண்டிய அம்மா என் பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்தாள்.

"ஊரு சிரிக்கும்," என்றார் அப்பா.

"சிரிச்சு முடிச்சிட்டு எனக்க பூத்தையலை வாங்க வருவாவ."

கணக்குப் பரீட்சையில் அவள் சிலேட்டை எட்டிப் பார்த்தேன். முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"ஏட்டி, வீட்டுலதான் நான் ஒனக்க அம்மை."

அவள் தேறினாள், நான் தோற்றேன். டீச்சரம்மா அவளையே கூப்பிட்டு, "மகளுக்கு வீட்டில் சொல்லிக் கொடுக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

"எனக்கு எங்க நேரம் டீச்சரம்மா? நாளைக்குத் தையல் பள்ளிக்கூடம் தொறக்கு," என்றாள் அம்மா.