பெரியவரின் பதினோரு மணி சூப்

இன்னொருவருக்கு வைத்த சூப்பை நாலு மாதம் தினமும் குடித்துவிட்டு, அதில் குறையும் சொன்ன ஆள் நான். இதை மனைவியிடமே போன வாரம்தான் ஒப்புக்கொண்டேன். குழாய் விட்டு என் வயிற்றைப் பார்த்த டாக்டர் காரம், புளி, எண்ணெய் மூன்றையும் ஒரே மூச்சில் பறித்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சவ்சவ்வும் கேரட்டும் குழைய வேகவைத்து, வடிகட்டி, ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள். அந்த ஆவி மூக்கில் பட்டதும் நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன், இது யாருக்கு என்று.

எண்பதுகளின் தொடக்கம். ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர் வேலை. ரைட்டர் என்றதும் கற்பனை ஓட வேண்டாம். இன்று யார் யார் பழம் பறிக்க வந்தார்கள், யார் வரவில்லை என்று எழுதுகிற ஆள். அடிவாரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது தின்ற பரோட்டாவும் சால்னாவும் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் என்னோடு ஏறி வந்தன. பிறகு வயிற்றை விட்டு இறங்குவதாகவே இல்லை.

ஆபீஸ் என்பது பங்களா வராந்தாவின் ஓரத்து அறை. சேர்ந்த முதல் நாள் பதினோரு மணிக்கு, சமையல் செய்யும் ராசாயியக்கா வராந்தாவின் பிரம்பு மேஜையில் ஒரு பீங்கான் கிண்ணத்தை வைத்துவிட்டு உள்ளே போனார். மேஜை அருகே ஒரே ஒரு நாற்காலி. வராந்தாவில் மனிதன் என்று இருந்தது நான் ஒருவன். புது ரைட்டருக்கு என்ன மரியாதை என்று நெகிழ்ந்துபோய்க் குடித்தேன்.

வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, வெண்ணெய் இல்லை. ஒரு பிடி சாமையைச் சவ்சவ்வோடு வேகவைத்துக் கடைந்து, துணியில் வடிகட்டியது. சீரகத்தையும் நாலு மிளகையும் துணியில் தனியே முடிந்து கொதியில் போட்டு, வாசனை இறங்கியதும் எடுத்துவிடுவார்கள் போல. நாக்குக்கு அதில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. வயிறு மட்டும், யாரோ தடவிக் கொடுத்த மாதிரி அடங்கிவிடும். பத்தே நாளில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வயிறு சரியானால் மனிதனுக்கு அபிப்பிராயங்கள் வந்துவிடும். ஒருநாள் மூடுபனி வராந்தா வரை ஏறியிருந்தது. கிண்ணம் தெரிந்தது, தூண் தெரியவில்லை. உள்ளே யாராவது இருப்பார்கள் என்று பனியைப் பார்த்துச் சொன்னேன்: "மிளகு கொஞ்சம் தூக்கலா இருக்குதுங்க."

மறுநாள் மிளகு குறைந்திருந்தது.

நாலாவது மாதம் மெட்ராஸிலிருந்து பெரியம்மாவின் மகன் வந்தார். பெரியம்மா என்று எல்லோரும் கூப்பிடுகிறவர்தான் எஸ்டேட்டுக்குச் சொந்தக்காரர். கணவரை இழந்தவர், தடி ஊன்றாமல் நடக்க முடியாது, உள்ளறையை விட்டு வருவது அபூர்வம். அம்மாவைக் கையோடு கீழே அழைத்துப் போய்விட வேண்டும் என்பது மகனின் கட்சி. பேச்சு சன்னல் வழியே எனக்குக் கேட்டது.

"உங்கப்பாவை உட்டுட்டு எப்படிக் கண்ணு வர்றது?"

"அப்பா போய் ஆறு மாசமாச்சும்மா."

"தெனமும் பதனோரு மணிக்கு வந்து சூப்புக் குடிக்கறாரு. மிளகு தூக்கலா இருக்குதுன்னு சொன்னாரு. என் ரெண்டு காதாலயும் கேட்டேன்."

பேனா என் கையில் அப்படியே நின்றது. வயிற்றுப் புண்ணோடு போய்ச் சேர்ந்த பெரியவருக்கு வைத்த சூப் அது. பங்களாவில் ஆவி உலவுவது உண்மைதான். சேலத்திலிருந்து வந்த, பரோட்டா ஒத்துக்கொள்ளாத ஆவி.

நாளைக்குக் கிண்ணம் குடிக்காமல் கிடந்தால் தன்னோடு ஜீப்பில் ஏறிவிட வேண்டும் என்றார் மகன். பெரியம்மா சம்மதித்தார். குடித்தால் அவரை ஏமாற்றுகிறேன். குடிக்காவிட்டால் நாற்பது வருஷம் வாழ்ந்த வீட்டிலிருந்து கிளப்புகிறேன். உண்மையைச் சொல்லலாம், வேலை போய்விடும். எனக்கு அந்தச் சிரமத்தை மகன் வைக்கவில்லை. மறுநாள் பத்தரைக்கே என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, சன்னல் கண்ணாடியோரம் எனக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

ராசாயியக்கா கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனார். பனி ஏறியது. முதலில் ரோஜாத் தொட்டி மறைந்தது, பிறகு தூண், பிறகு நாற்காலி. தடிச்சத்தம் இல்லை, காலடி இல்லை. ஒரே ஒரு தடவை, பீங்கானில் கரண்டி பட்ட மாதிரி. மகன் என்னைப் பார்த்தார். நான் என் வயிற்றைப் பார்த்தேன்.

பனி விலகியபோது கிண்ணம் தட்டின்மேல் கவிழ்ந்திருந்தது. எடுத்துப் பார்த்தோம். துடைத்தது போல் காலி.

பெரியம்மா கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "குடிச்சதும் கவுத்து வெக்கறது அவரு பழக்கம். மொத ரெண்டு மாசம் சரியாத்தான் வெச்சாரு. அப்பறம் என்னமோ மறந்துட்டாரு, நாலு மாசமா."

மகன் தனியாக ஜீப் ஏறினார். அதிலிருந்து பதினோரு மணியானால் நான் காப்பி காயவைக்கும் களத்துக்குப் போய்விடுவேன். திரும்பும்போது கிண்ணம் தினமும் கவிழ்ந்தே இருந்தது. பெரியம்மா இன்னும் ஒன்பது வருஷம் அதே வீட்டில் இருந்து, அங்கேயே கண்ணை மூடினார்.

இப்போது அது தங்கும் விடுதி. வராந்தாவைக் கண்ணாடி போட்டு அடைத்துவிட்டார்கள். பனி வந்தாலும் வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகிறது. பிரம்பு மேஜை இல்லை. என் ஆபீஸ் அறையில் தைலமும் மிளகும் விற்கிறார்கள்.

ராசாயியக்காவைக் கடைசியாகத் தொண்ணூறுகளில், வெள்ளக்கடை கிராமத்தில் அவர் மகள் வீட்டு வாசலில் பார்த்தேன். நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். அன்றைக்குப் பனிக்குள் வந்து குடித்துக் கவிழ்த்தது நீங்கள்தானே, பெரியம்மாவுக்காகத்தானே?

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நானுங்களா? அந்தச் சப்புன்னு இருக்கறதைச் செத்தவரு வேணாக் குடிப்பாருங்க. உசுரோட இருக்கறவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் குடிச்சீங்க."